நாமக்கல்லில் ஒரு மே மாத மத்தியானம்!

ஹால் டிக்கெட்டில் தேர்வு மையம் 'நாமக்கல்' என்று வந்திருக்கிறதா? உங்கள் நண்பர்கள் இந்நேரம் முட்டை ஜோக் அடிக்க ஆரம்பித்திருப்பார்கள். 'முட்டை ஊருக்குப் போறே, முட்டையோட வந்துடாதே!' சிரித்துவிட்டு விட்டுவிடுங்கள் பாஸ். தினமும் கோடிக்கணக்கில் முட்டையும், ஊரெங்கும் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளுமாக இருக்கிற இந்த ஊருக்குப் பரீட்சை புதுசு இல்லை. பிளஸ் டூ மார்க்குக்காகவே பல மாவட்டத்துப் பிள்ளைகள் மூட்டை கட்டிக்கொண்டு வந்து விடுதிப் பள்ளிகளில் தங்கிப் படித்த ஊர் இது. 2017-ல் நீட் தேர்வுக்கு நெல்லை, வேலூரோடு நாமக்கல்லும் புதிய மையமாகச் சேர்ந்தது. அன்றிலிருந்து பரீட்சை ஞாயிறு என்றால் ஊரே வேறு மாதிரி ஆகிவிடுகிறது.

பாடத்தைப் பற்றி உங்களுக்கு இங்கே ஒன்றும் சொல்லப் போவதில்லை. அதற்கு உங்களிடம் ஏற்கெனவே பத்து கைடு இருக்கும். அந்த மூன்று மணி நேரமும் பெஞ்சில் உட்காரப் போவது உங்கள் மூளை மட்டும் இல்லை. வியர்க்கிற கை, வலிக்கிற இடுப்பு, கலங்குகிற வயிறு எல்லாம் கூடவே வரும். அவற்றை எப்படிக் கூட்டிப் போவது என்பதுதான் விஷயம்.

முதல் நாளே இறங்குங்கள்

சேலத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தானே, காலையில் கிளம்பினால் போதாதா என்று தோன்றும். முடிந்தால் முந்தின நாளே வந்துவிடுங்கள். வெளியூர் பஸ்களுக்கு 2024-ல் முதலைப்பட்டியில் புது பஸ் ஸ்டாண்டு திறந்துவிட்டார்கள். மலையடிவாரத்து பழைய ஸ்டாண்டை மனசில் வைத்துக்கொண்டு வருகிற அப்பாக்கள் இங்கே இறங்கி முழிப்பது சகஜம். அந்தக் குழப்பம் சனிக்கிழமை வந்தால் ஒரு டீயோடு தீர்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் உங்கள் நாடித்துடிப்பு ஏறும்.

சாயங்காலம் சென்டர் வாசல் வரை ஒரு நடை போய்வாருங்கள். எந்த கேட், எந்தப் பக்கம் நிழல், ஆட்டோ எங்கே நிற்கும், அப்பா அம்மா எங்கே உட்காருவார்கள்... எல்லாவற்றையும் கண்ணில் வாங்கிக்கொள்ளுங்கள். பயத்தில் பாதி, தெரியாத இடத்தால் வருவது. ஒருதரம் பார்த்துவிட்ட இடம் மறுநாள் அவ்வளவாக மிரட்டாது.

'கிட்டத்தில்தானே கொல்லிமலை, ஒரு ரவுண்டு போய் வந்துடலாமே' என்று யாராவது சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டுவிடுங்கள். எழுபது கொண்டை ஊசி வளைவு சார்! பரீட்சைக்கு முதல் நாள் வயிற்றைக் கலக்க வேறு வழியே வேண்டாம்.

கூரையில்லாத ஆஞ்சநேயர்

ஊர் நடுவில் ஒற்றைக் கல்லாக எழும்பி நிற்கிறது மலை. உச்சியில் கோட்டை, அடியில் நரசிம்மர் குடைவரைக் கோயில், எதிரே பதினெட்டு அடி ஆஞ்சநேயர். அவர் தலைக்கு மேல் கூரை கிடையாது. வெயிலோ மழையோ, அப்படியே நிற்கிறார். மே மாதத்தில் அவரைப் பார்த்தால் நமக்கே கொஞ்சம் தைரியம் வரும்.

கும்பிடுகிறீர்களோ இல்லையோ, நாமகிரித் தாயார் சந்நிதி பக்கம் ஒரு நிமிஷம் நில்லுங்கள். கணித மேதை ராமானுஜன் குடும்பத்தின் குலதெய்வம் இவர்தான். அந்த ராமானுஜன் கும்பகோணம் கல்லூரியில் மற்ற பாடங்களில் தோற்று ஸ்காலர்ஷிப்பை இழந்தவர். அப்புறம் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. பரீட்சையைத் தாண்ட முடியவில்லை. 1918-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை ஃபெல்லோ ஆக்கிக்கொண்டது. பரீட்சை முக்கியம்தான். ஆனால் ஓர் ஆளை முழுசாக அளக்கிற தராசு அது இல்லை. சனிக்கிழமை ராத்திரி தூக்கம் வராமல் புரளும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ராத்திரி தூக்கம் கெட்டால் படித்ததெல்லாம் அழிந்துவிடாது. கண்ணை மூடிப் படுத்திருந்தாலே உடம்புக்கு ஓய்வுதான்.

வெயிலும் இட்லியும்

நீட் இப்போது மத்தியானப் பரீட்சை. 2025-ல் அது நடந்த மே 4 அன்றுதான் அக்னி நட்சத்திரமும் ஆரம்பித்தது! மதியம் 2 முதல் 5 மணி வரை, அதாவது வீட்டில் இருந்தால் நீங்கள் ஃபேனுக்கு அடியில் குட்டித் தூக்கம் போடும் நேரம். அதனால்தான் கடைசி இரண்டு வாரம் மாடல் டெஸ்டை அதே 2 மணிக்கு, மர பெஞ்சில், முடிந்தால் ஃபேனைக் குறைத்து வைத்துக்கொண்டு எழுதிப் பார்க்கச் சொல்கிறோம். கட்டிலில் சாய்ந்து எழுதிய டெஸ்டில் இடுப்பு வலி சிலபஸிலேயே இருக்காது.

காலையில் இட்லி, பதினொரு மணி வாக்கில் கொஞ்சம் தயிர் சாதம். போதும். 'ஊருக்கு வந்தாச்சு, மட்டன் பிரியாணி ஒரு கை பார்ப்போம்' என்பதை ஆறு மணிக்குத் தள்ளிவையுங்கள். வெறும் வயிறும் வேண்டாம், தலை சுற்றும். தினமும் காபி குடிக்கிறவர் குடியுங்கள். பழக்கமில்லாதவர் அன்றைக்குத் தொடங்காதீர்கள்.

தண்ணீர் விஷயத்தில் பலரும் ரொம்ப 'புத்திசாலித்தனம்' செய்வார்கள். பாத்ரூம் போகவேண்டி வருமே என்று காலையிலிருந்து தொண்டையை நனைக்கவே மாட்டார்கள். நாலு மணிக்குத் தலைவலி மண்டையைப் பிளக்கும். முதல் நாளும் அன்று காலையும் நன்றாகக் குடியுங்கள். பன்னிரண்டுக்கு மேல் சின்னச் சின்ன மடக்கு. ஹாலுக்குள் உட்காரும் முன், வருகிறதோ இல்லையோ, ஒருமுறை போய்வந்துவிடுங்கள். 2024 விதிப்படி தேர்வு தொடங்கி முதல் ஒரு மணி நேரமும், கடைசி அரை மணி நேரமும் வெளியே விடமாட்டார்கள். நடுவில் அவசியம் என்றால் தயங்காமல் எழுந்து போங்கள். அடக்கிக்கொண்டு எழுதினால் கேள்வி மண்டையில் ஏறாது. போய்வர ஐந்து நிமிடம் ஆகுமா? ஆகட்டும்.

தோழிகளே, பீரியட்ஸ் தேதி அந்த ஞாயிறை ஒட்டி வருகிறதா? அதற்காகப் புதுசாக எந்த மாத்திரையும் அன்றைக்குப் போட்டுப் பார்க்காதீர்கள். டாக்டர் சொல்லி, ஏற்கெனவே சாப்பிட்டு உடம்புக்கு ஒத்துக்கொண்டது மட்டும் போதும். சோதனை செய்கிற பெண் ஊழியரிடமும், ஹாலில் இருக்கிற மேடத்திடமும் நேராகச் சொல்லிவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. சர்க்கரை நோய், வீசிங் மாதிரி ஏதாவது இருந்தால் எதை உள்ளே கொண்டுபோகலாம் என்பதை அந்தந்த வருட அறிவிப்பில் முன்னாலேயே பார்த்து வையுங்கள்.

ஒரு பெஞ்ச், 180 நிமிடம்

ஒன்றரைக்கு கேட் மூடும். அந்தச் சத்தம் கேட்டதும் பலருக்கு உள்ளங்கை ஜில்லிடும், வயிறு பிசையும், நெஞ்சு படபடக்கும். உங்களுக்கு எதுவும் ஆகிவிடவில்லை. ஆபத்து என்று நினைத்து உடம்பு அட்ரினலினை இறக்கியிருக்கிறது, அவ்வளவுதான். பயாலஜியில் நீங்களே படித்ததுதானே! இதைத் துரத்த முயன்றால் இன்னும் கூடும். 'சரி, வந்துட்டியா, பக்கத்துல உட்காரு' என்று விட்டுவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் தானே தணியும்.

மூச்சை வேகவேகமாக இழுத்தால் விரல் மரக்கும், தலை லேசாகும். அப்போது உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்குங்கள். மனசுக்குள் நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். நாலே முறை. மொத்தம் நாற்பது விநாடி. 2025-ல் 180 கேள்விக்கு 180 நிமிடம் கொடுத்தார்கள். கேள்விக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலும் இது ஒரு கேள்வியின் விலைகூட இல்லை. பதற்றத்தில் தப்பான வட்டத்தைக் கறுப்பாக்கினால், வரவேண்டிய 4 மார்க்கும் போய், கையில் இருப்பதில் 1 மார்க்கும் போகும்.

முதல் பக்கம் பார்த்ததும் ஒன்றுமே தெரியாத மாதிரி இருக்கிறதா? புரட்டுங்கள். தெரிந்த நாலு கேள்வியைத் தேடிப் போட்டுவிட்டுத் திரும்பி வாருங்கள். கை சூடு பிடித்துவிடும்.

வியர்க்கிற கையை ஓ.எம்.ஆர். தாளில் நேராக வைக்காதீர்கள். கேள்வித்தாளின் ஓரத்தை மடித்து அடியில் கொடுத்துக்கொள்ளுங்கள். விரலை உடையில் துடைத்துவிட்டு அப்புறம் வட்டத்தைத் தொடுங்கள். பாதம் இரண்டும் தரையில் படட்டும். ஒரு பாடம் முடிந்ததும் பேனாவைக் கீழே வைத்து, தோளைக் காது வரை தூக்கி இறக்கி, இடுப்பை நகர்த்தி உட்காருங்கள். ஜன்னல் வழியே தூரத்தில் எதையாவது நாலு விநாடி பாருங்கள். நாமக்கல்லில் அதிர்ஷ்டம் இருந்தால் மலையே தெரியும்.

பக்கத்து பெஞ்சு பையன் சரசரவென்று பக்கம் புரட்டுவான். அவன் தெரிந்து புரட்டுகிறானா, தெரியாமல் புரட்டுகிறானா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்கள் தாளைப் பாருங்கள்.

கேட்டுக்கு வெளியே

உள்ளே நீங்கள் மூன்று மணி நேரம். வெளியே அப்பா, அம்மா, பாட்டி, மடியில் தூங்குகிற தம்பி. வேப்பமர நிழல் நகர நகர அவர்களும் நகர்ந்து உட்காருவார்கள். 2018-ல் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலருக்குக் கேரளா, ராஜஸ்தான் என்று சென்டர் போட்டார்கள். மகனை எர்ணாகுளத்துக்குக் கூட்டிப் போன ஓர் அப்பா, மகன் உள்ளே எழுதிக்கொண்டிருந்தபோது மாரடைப்பில் இறந்துபோனார். பதற்றம் நமக்கு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். உள்ளே போகும் முன் 'சாப்பிட்டுட்டு நிழல்ல இருங்கப்பா, வெயில்ல நிக்காதீங்க' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். அவருக்கும் தெம்பு, உங்களுக்கும் தெம்பு.

ஐந்து மணிக்கு வெளியே வந்ததும் கீ ஆன்ஸரைத் தேடி செல்போனுக்குள் தலையை விடாதீர்கள். கமலாலயக் குளத்தங்கரையில் காற்று வரும். கொஞ்ச நேரம் உட்காருங்கள். தள்ளிவைத்த பிரியாணி காத்திருக்கிறது.

அப்புறம் ஒன்று. பரீட்சை முடிந்து நாளாகியும் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, இருப்பதே வீண் என்று தோன்றுகிறது என்றால், அதை மனசுக்குள் பூட்டி வைக்காதீர்கள். வீட்டில் சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால் 104-க்கோ 14416-க்கோ போன் போடுங்கள். காது கொடுத்துக் கேட்க ஆள் இருக்கிறார்கள். சீட் அடுத்த வருஷமும் வரும், நீங்கள் இருக்கவேண்டும். ஆல் தி பெஸ்ட்!