சாவி யார் கையில்?

நுழையும்முன்

வீட்டைப் பூட்டிய பின் சாவியை முன்பின் அறியாதவரிடம் கொடுத்துச் செல்வார் எவருமில்லர். ஆனால், திறன்பேசியில் ஒரு செயலியை நிறுவும்போது திரையில் தோன்றும் வினாவைப் படிக்காமலேயே ‘அனுமதி’ என்பதைத் தொடுவோர் பலர். இவ்விரண்டு செயல்களையும் ஒப்பிட்டு எண்ணிப் பார்ப்பதற்குப் பூட்டுக்குப் பெயர்பெற்ற திண்டுக்கல்லைவிடப் பொருத்தமான ஊர் வேறில்லை.

பூட்டின் ஊர்

திண்டுக்கல் என்றதும் மலைக்கோட்டையோடு நினைவுக்கு வருவது பூட்டு. நாகல்நகரிலும் நகரைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் தலைமுறை தலைமுறையாகப் பூட்டுகள் கையால் செய்யப்பட்டு வருகின்றன. தகட்டை வெட்டி, அரத்தால் அராவி, லீவர் எனப்படும் நெம்புத் தகடுகளைப் பூட்டினுள் அடுக்குகின்றனர். ஒவ்வொரு தகடும் தனக்குரிய உயரத்திற்கு எழும்பினால்தான் பூட்டு திறக்கும். அந்த உயரங்களுக்கு ஏற்ப வெட்டப்பட்ட சாவியே அதனைத் திறக்க வல்லது.

மாங்காய் வடிவில் அமைந்த மாங்காய்ப் பூட்டு இவ்வூரின் அடையாளம். மற்றொன்று மணிப்பூட்டு. சாவியைத் திருப்பும்போது அது மணியொலி எழுப்பும். உரிய சாவியைக் கொண்டே ஒருவர் திறந்தாலும் வீட்டார் காதுக்குச் செய்தி எட்டிவிடும். காப்பதோடு அறிவிப்பதும் பூட்டின் கடமை என்று அதனை உருவாக்கிய கைவினைஞர் எண்ணியிருக்கிறார். எந்திரங்களில் செய்யப்படும் மலிவான பூட்டுகளின் வரவால் பட்டறைகள் குறைந்துபோன நிலையில், 2019ஆம் ஆண்டு திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

பெட்டியிலிருந்து பேசிக்கு

முன்பு பணமும் பத்திரமும் இரும்புப் பெட்டியில் இருந்தன. பெட்டிக்குப் பூட்டு இருந்தது. இன்று ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கும் நிலக்கோட்டைப் பூச்சந்தைக்கும் வரும் உழவரின் சட்டைப்பையில் திறன்பேசி இருக்கிறது. 2018ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு வெளியிட்ட ‘உழவன்’ செயலி, வானிலையையும் விளைபொருளின் சந்தை விலையையும் மானியத் திட்டங்களையும் தமிழில் சொல்கிறது. 2016இல் அறிமுகமான யுபிஐ முறையால், விற்ற சரக்கிற்கான தொகை நொடிப்பொழுதில் வங்கிக் கணக்கைச் சேர்கிறது. பெட்டியில் இருந்தவற்றோடு குடும்பத்தின் ஒளிப்படங்களும், உறவினரின் எண்களும், செல்லும் வழித்தடமும் அந்தச் சிறு கருவிக்குள் அடங்கிவிட்டன.

அறைக்கு ஒரு பூட்டு

திறன்பேசியின் இயங்குதளத்தைப் பல அறைகள் கொண்ட வீடாகக் கருதலாம். ஒவ்வொரு செயலியும் தனக்கென ஒதுக்கப்பட்ட அறைக்குள் இயங்குகிறது. ஒளிப்படக் கருவி, ஒலிவாங்கி, தொடர்பு எண்கள், இருப்பிடம் ஆகியவை வேறு அறைகள். அவற்றுள் நுழையச் செயலிக்குச் சாவி வேண்டும். அச்சாவியின் பெயரே அனுமதி.

தொடக்கக் கால ஆண்ட்ராய்டில், செயலியை நிறுவும்போதே அது கேட்கும் சாவிகள் அனைத்தையும் மொத்தமாகக் கொடுக்க வேண்டியிருந்தது. மறுத்தால் செயலியே கிடைக்காது. 2015ஆம் ஆண்டு வெளியான 6.0 பதிப்பு இதனை மாற்றியது. தேவை ஏற்படும் வேளையில் செயலி தனித்தனியே கேட்க வேண்டும். பயனர் கொடுக்கலாம், மறுக்கலாம், கொடுத்ததைத் திரும்பவும் பெறலாம். செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும் இருப்பிடத்தை அறியவிடும் வசதி 2019இல் வந்தது. ஒருமுறை மட்டும் செல்லும் அனுமதி 2020இல் வந்தது. நெடுநாள் பயன்படாத செயலியிடமிருந்து சாவியைத் தானே பறித்துக்கொள்ளவும் இயங்குதளம் கற்றுக்கொண்டது.

2020இல் ஐபோனிலும் 2021இல் ஆண்ட்ராய்டிலும் மற்றொரு வசதி சேர்ந்தது. ஏதேனும் ஒரு செயலி ஒளிப்படக் கருவியையோ ஒலிவாங்கியையோ இயக்கினால், திரையின் மேற்பகுதியில் சிறு ஒளிக்குறி தோன்றும். திண்டுக்கல் மணிப்பூட்டு ஒலியால் உணர்த்தியதை இது ஒளியால் உணர்த்துகிறது. ஆயினும், மணியோசைக்கு எழுந்து பார்ப்பவர் வேண்டும். ஒளிக்குறிக்கும் அதனைக் கவனிக்கும் கண் வேண்டும்.

பிறர் வீட்டுச் சாவி

ஒரு செயலிக்கு ஏன் இந்தச் சாவி என்று கேட்காததன் விளைவை, கடன் தரும் சில செயலிகள் நாட்டிற்குக் காட்டின. மருத்துவச் செலவுக்கும் கல்விக் கட்டணத்திற்கும் அவசரமாகப் பணம் தேடியோர் அவற்றை நாடினர். சிறு தொகைக்கு ஈடாக அவை தொடர்பு எண்களையும் ஒளிப்படங்களையும் திறக்க அனுமதி பெற்றன. தவணை தவறியதும் உறவினருக்கும் நண்பருக்கும் அழைப்புகள் சென்றன. திரிக்கப்பட்ட படங்கள் அனுப்பப்பட்டன. அவமானம் தாங்காமல் உயிர் துறந்தோரும் உண்டு.

கடன் பெற்றவர் ஒருவர், துன்புற்றவர் பலர். தொடர்பு எண்களில் இருப்பவை நம்மை நம்பிப் பிறர் தந்த எண்கள். அந்தச் சாவியைக் கொடுப்பது, நம்மிடம் அடைக்கலமாக வைக்கப்பட்ட அண்டைவீட்டுச் சாவியை அவர் அறியாமல் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

2022ஆம் ஆண்டு இந்திய ரிசர்வ் வங்கி, கடன் செயலிகள் தொடர்பு எண்களையும் அழைப்பு விவரங்களையும் கோப்புகளையும் அணுகக் கூடாது என்று நெறிமுறை வகுத்தது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்திருந்தது. 2023இல் இயற்றப்பட்ட எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் அளிப்பது எவ்வளவு எளிதோ அதனைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. பதினெட்டு வயது நிரம்பாதோரின் தரவுகளைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலையும் அது கட்டாயமாக்குகிறது.

கேட்கத் தெரிந்த கை

சட்டம் குற்றத்தைத் தண்டிக்கும்; மென்பொருள் கேள்வியைத் திரையில் வைக்கும். விடை சொல்ல வேண்டியது பயனரின் விரல். கைவிளக்குச் செயலிக்குத் தொடர்பு எண்கள் எதற்கு? கணிப்பான் செயலிக்கு இருப்பிடம் எதற்கு? வழிகாட்டும் செயலி இருப்பிடத்தைக் கேட்பதில் நியாயமுண்டு. ஆனால், பயணம் முடிந்த பின்னும் அதற்கு அது தேவையா? இவ்வினாக்களை எழுப்பப் பொறியியல் அறிவு வேண்டியதில்லை. யுபிஐயில் பணம் செலுத்தத்தான் இரகசிய எண் வேண்டும்; பணம் பெற வேண்டியதில்லை. இந்த ஒன்றை அறிந்தவரைப் ‘பணம் அனுப்புகிறோம், எண்ணைப் பதியுங்கள்’ என்னும் வஞ்சக அழைப்பு ஏமாற்ற இயலாது. ஏமாற நேர்ந்தாலும் 1930 என்னும் உதவி எண்ணை உடனே அழைத்தால் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு.

வீடுகளில் திறன்பேசியின் அமைப்புகளை அறிந்தவர்கள் பெரும்பாலும் மாணவர்களே. பெற்றோரின் பேசியில் எந்தச் செயலியிடம் எந்தச் சாவி இருக்கிறது என்பதை, அவர்களை அருகில் அமர்த்திக் காட்டி, தேவையற்றவற்றைத் திரும்பப் பெறச் சில நிமிடங்கள் போதும். பட்டறையில் பூட்டைச் செய்து முடித்ததும் கைவினைஞர் அதனைப் பலமுறை பூட்டியும் திறந்தும் சோதித்த பின்னரே சாவியை உரியவரிடம் ஒப்படைக்கிறார். அந்தப் பொறுமையில் ஒரு பகுதியேனும் ‘அனுமதி’ என்னும் சொல்லைத் தொடும் விரலுக்கு வாய்க்க வேண்டும்.