பொருந்துவதெல்லாம் பொருத்தமானதல்ல

'துப்பாக்கிப் பிரயோகம் இடம்பெற்றது', 'வெற்று ரவைக் கோதுகள் மீட்கப்பட்டன' என்று மூன்று தசாப்தங்களாகச் செய்தி எழுதி வந்தவன் நான். அந்தக் கோதுக்குள் என்ன நிகழ்கிறது என்று ஒருபோதும் கேட்டதில்லை. அதை எனக்குக் கற்பித்தவர், பல்கலைக்கழகத்தில் என்னோடு கலைப்பீடத்தில் பயின்று, பின்னர் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் குடியேறிய நண்பர் ஒருவர். இலக்குச் சுடுதல் அவரது ஓய்வுநேரப் பொழுதுபோக்கு. தமது றிவோல்வருக்கு வேண்டிய ரவைகளைத் தாமே வீட்டில் நிரப்பிக்கொள்வார். எம் நாட்டு வாசகருக்கு இது திகைப்பூட்டலாம். அங்கே அது சட்டபூர்வமானது, பலருக்கும் பழக்கமானது.

ஒரு ரவைக்கு உறுப்புகள் நான்கு: பித்தளைக் கோது, வெடிமருந்து, சன்னம், பிரைமர். முதல் மூன்றையும் யாவரும் அறிவர். நான்காவது, கோதின் அடியில் பதிந்திருக்கும் சின்னஞ்சிறு உலோகக் கிண்ணம். துப்பாக்கியின் ஊசி அதைக் குத்தும்போது, உள்ளேயிருக்கும் கலவை நசுங்கித் தீப்பொறி கக்குகிறது. அந்தத் தீயே வெடிமருந்தைப் பற்றவைக்கிறது. அடித்தால் தீப்பிடிக்கும் கலவையைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்தும் முறைக்கு 1807ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றவர் அலெக்சாண்டர் போர்சைத் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார் என்பது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இன்றைய பிரைமர்களில் இரு முறைகள் உள்ளன. ஒன்று ஆங்கிலேயரான பொக்சர் வகுத்தது. மற்றது அமெரிக்கரான பேர்டன் வகுத்தது. இரண்டும் 1860களில் தோன்றியவை. ஆனால் ஆங்கிலேயரின் முறை அமெரிக்காவில் நிலைத்தது. அமெரிக்கரின் முறை ஐரோப்பாவில் பரவியது. பொக்சர் கோதின் நடுவே ஒரேயொரு துவாரம் இருப்பதால், எரிந்த பிரைமரை ஓர் ஊசியால் தள்ளி அகற்றிப் புதியதை இலகுவாகப் பதிக்கலாம். வீட்டில் ரவை நிரப்பும் பழக்கம் அமெரிக்காவில் வேரூன்ற இதுவும் ஒரு காரணம்.

2020இல் பெருந்தொற்று வந்தது. அந்த ஓராண்டில் மட்டும் அந்நாட்டின் எப்.பி.ஐ. நடத்திய துப்பாக்கி தொடர்பான பின்னணிச் சோதனைகள் ஏறத்தாழ 3 கோடியே 97 இலட்சம். ரவைக்கான தேவை பெருகியதால் ஆலைகள் தமது பிரைமர்களைத் தமக்கே வைத்துக்கொண்டன. ஆயிரம் பிரைமர் முப்பது, நாற்பது டொலருக்கு விற்ற நிலை மாறி, நூறு டொலரைத் தாண்டியும் கிடைக்காத காலம் வந்தது. நண்பரிடம் கைத்துப்பாக்கிப் பிரைமர்கள் தீர்ந்துவிட்டன. எஞ்சியிருந்தது சிறிய றைபிள் பிரைமர்கள் ஒரு பெட்டி. இரண்டினதும் விட்டம் ஒன்றே: 0.175 அங்குலம். அதே குழியில் அச்சொட்டாகப் பதியும். "போட்டுச் சுடு, ஒன்றும் ஆகாது" என்றனர் உடன் சுடுபவர்கள் சிலர்.

நண்பரும் நானும் மாற்றுவழி தேடியே வாழ்ந்த தலைமுறையினர். 1990களின் முற்பகுதியில், பொருளாதாரத் தடையின்போது, யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. இயந்திரத்தைத் தொடக்கிவைக்க மட்டும் சில துளி பெற்றோல். இல்லாததற்கு ஈடாக இருப்பதைக் கொண்டு சமாளிப்பதை ஒரு கலையாகவே பயின்றவர்கள் நாங்கள். ஆகவே நண்பரின் கை அந்தப் பெட்டியை நோக்கி நீண்டதில் எனக்கு வியப்பில்லை. அது பின்வாங்கியதே வியப்பு.

அவர் எனக்கு எழுதிய விளக்கம் இது. றைபிள் ரவையின் அழுத்தம் அதிகம். அதைத் தாங்க அதன் பிரைமர்க் கிண்ணம் தடித்த உலோகத்தால் ஆனது. இலேசான விசையுடைய றிவோல்வரின் சுத்தியல் அதை முழுமையாக நசுக்காமல் போகலாம். பற்றிக்கொண்டாலோ, கைத்துப்பாக்கிக்குரிய தீயைவிடக் கடுமையான தீ எழக்கூடும். மக்னம் வகைப் பிரைமரை மாற்றிப் போட்டாலும் இந்த இரண்டாவது ஆபத்து உண்டு. .38 ஸ்பெஷல் ரவைக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 இறாத்தல்; .357 மக்னத்துக்கு 35,000. .454 கசுல் என்ற றிவோல்வர் ரவைக்கு 65,000; அதற்குச் சிறிய றைபிள் பிரைமரே விதிக்கப்பட்டிருக்கிறது. அதாவது குற்றம் பிரைமரில் இல்லை, எந்த ரவைக்கு எது என்பதில்தான் இருக்கிறது.

றிவோல்வருக்கென்றே ஓர் ஆபத்தும் உண்டு. விசையை அழுத்தியும் வெடிக்காத ரவை, சில கணம் தாமதித்து வெடிப்பதுண்டு. பொறுமையிழந்து மறுமுறை விசையை அழுத்தினால் உருளை சுழன்றுவிடும். தாமதித்த ரவை குழாய்க்கு நேரே இல்லாத இடத்தில் வெடிக்கும். இதனாலேயே, வெடிக்காத துப்பாக்கியைப் பாதுகாப்பான திசையில் நீட்டியபடி குறைந்தது முப்பது வினாடி காத்திருக்கப் பயிற்றுவிக்கிறார்கள். சன்னம் குழாய்க்குள் சிக்கியிருப்பது தெரியாமல் அடுத்த ரவையைச் சுட்டால் குழாயே வெடிக்கலாம்.

ரவை நிரப்புவோரின் கைநூல்கள் ஒவ்வொரு அளவுக்கும் எந்தப் பிரைமர் என்பதைக் குறித்தே தருகின்றன. உறுப்பொன்றை மாற்றினால் பழைய அளவு செல்லாது. மீண்டும் அடிமட்ட அளவிலிருந்து தொடங்கவேண்டும் என்பது அவற்றின் பொதுவிதி.

மண்ணெண்ணெய் மோட்டார் சைக்கிள் பிழைத்தால் புகை கக்கும், வீதியோரத்தில் நின்றுவிடும், தள்ளிக்கொண்டு வீடு போகலாம். இங்கோ பிழை முகத்துக்கு முன்னே, கைப்பிடிக்குள் நிகழ்கிறது. நண்பரோடு அவரது மகனும் சுடப் போவதுண்டு. "நான் நிரப்புகிற ரவையைச் சுடப்போவது அவன் கை. இதற்கு மேல் எனக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை" என்று எழுதியிருந்தார். எட்டு மாதங்கள் இருவரும் சுடவே போகவில்லை. உரிய பிரைமர் கிடைத்த பின்னரே மீண்டும் சென்றார்கள்.

துப்பாக்கிகள் மீது எனக்கு எந்த மோகமும் இல்லை. அவை செய்ததை நிறையவே பார்த்தவன். ஆயினும் அவரது முடிவை மதிக்கிறேன். தட்டுப்பாட்டுக் காலத்தில், முற்றிலும் பொருந்தாத பொருளால் எவருக்கும் தீங்கு நேர்வதில்லை; அதை எவரும் பயன்படுத்துவதில்லை. குழியில் சரியாகப் பதிகின்ற, பார்வைக்கு வேறுபாடே தெரியாத பொருளிடந்தான் எச்சரிக்கை வேண்டும்.