எரியும் விளக்கும் எரியாத விளக்கும்

மகிழுந்தின் முகப்புப் பலகையில் சிறிய இயந்திரம் போன்ற மஞ்சள் படம் ஒன்று திடீரென ஒளிர்ந்தால், சிலர் பதறிப்போய்ச் சாலையோரத்தில் வண்டியை நிறுத்திவிடுகிறார்கள். சிலரோ, “வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது?” என்று மாதக்கணக்கில் கண்டும் காணாமலும் இருந்துவிடுகிறார்கள். வெளிச்சம் கண்ணை உறுத்துகிறது என்று அதன்மேல் கறுப்பு ஒட்டுநாடாவை ஒட்டியவர்களும் உண்டு. பட்டறைகளில் ‘செக் எஞ்சின்’ விளக்கு எனப்படும் அது எதற்காக வைக்கப்பட்டது என்பதை இவர்களுள் பலர் அறிந்திருப்பதில்லை.

அதன் கதை அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் தொடங்குகிறது. 1943-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அந்நகரைக் கண்ணெரிச்சல் தரும் புகைமூட்டம் சூழ்ந்துகொண்டது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. எதிரிகள் நச்சுவாயுவை வீசிவிட்டார்களோ என்றுகூடச் சிலர் அஞ்சினர். மலேசிய மாணவர்களுக்குப் புகைமூட்டம் புதிதன்று. ஆனால், லாஸ் ஏஞ்சலிஸில் எந்தக் காடும் எரியவில்லை. கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்தவரான ஏரி ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர்தாம் பின்னர் அதன் காரணத்தை விளக்கினார். வாகனங்களிலிருந்தும் எண்ணெய் ஆலைகளிலிருந்தும் வெளியேறிய எரிபொருள் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோன் முதலிய பொருள்களாக மாறியிருந்தன. 1967-இல் கலிபோர்னியாவில் காற்றுவள வாரியம் அமைக்கப்பட்டபோது அவரே அதன் முதல் தலைவரானார். அந்த வாரியத்தின் விதிகள் படிப்படியாக வளர்ந்தன. 1996-ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் விற்கப்படும் புதிய மகிழுந்துகள் தம் புகையைத் தாமே சோதித்து, குறை கண்டால் ஒரு விளக்கை ஏற்ற வேண்டும் என்பது கட்டாயமாயிற்று. பிற நாடுகளும் பின்னர் இதே வழியைப் பின்பற்றின.

ஆகவே, அந்த விளக்கு ஓட்டுநரின் வசதியைவிட, அவருக்குப் பின்னால் மூச்சுவிடுபவர்களைப் பற்றியே அதிகம் பேசுகிறது. வெளியேறும் புகை அனுமதிக்கப்பட்ட அளவைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கைத் தாண்டக்கூடிய பழுது ஏற்பட்டால் விளக்கு எரிய வேண்டும் என்பது அந்த அமெரிக்க விதியின் பொதுவான கணக்கு. வண்டி குலுங்காமல், சத்தமின்றி, வழக்கம்போல் ஓடும்போதும் விளக்கு எரிவது இதனால்தான்.

பெட்ரோல் மகிழுந்தில் இதைப் புரிந்துகொள்வது எளிது. பிளக்-இன் ஹைபிரிட் மகிழுந்தில்தான் குழப்பம் தொடங்குகிறது. இவ்வகை வாகனத்தில் பெட்ரோல் இயந்திரமும் உண்டு; வீட்டிலேயே கம்பியைச் செருகி மின்னேற்றக்கூடிய பெரிய மின்கலத் தொகுதியும் உண்டு. 2016-ஆம் ஆண்டு வாக்கில் வரிச்சலுகையின் துணையோடு இத்தகைய மகிழுந்துகள் சில மலேசியாவிலேயே பொருத்தப்பட்டு விற்பனைக்கு வந்தன. அவற்றுள் பல, ஒரு முறை மின்னேற்றினால் ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் வரை பெட்ரோல் இன்றி ஓடும். வேலையிடம் அருகில் இருந்தால், பெட்ரோல் இயந்திரம் நாள்கணக்கில் உறங்கிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட ஒருவரின் வண்டியில் அந்த விளக்கு எரிந்தால், “ஓடாத இயந்திரத்தில் எப்படிப் பழுது வரும்?” என்று அவர் கேட்பது நியாயமே.

பதில் பெரும்பாலும் பெட்ரோல் தொட்டியில் இருக்கிறது. பெட்ரோல் எளிதில் ஆவியாகும். மதிய வெயிலில் நிறுத்தப்பட்ட வண்டியின் தொட்டிக்குள் ஆவி பெருகும். சாதாரண மகிழுந்தில் அந்த ஆவி கரித்துண்டுகள் நிறைந்த ஒரு பெட்டிக்குள் சென்று தங்கும்; இயந்திரம் ஓடும்போது அதை உறிஞ்சி எரித்துவிடும். ஆனால், பிளக்-இன் ஹைபிரிட்டின் இயந்திரம் எப்போது ஓடும் என்று யாருக்குத் தெரியும்? எனவே, இவ்வகை வாகனங்கள் பலவற்றில் ஆவியை அழுத்தத்தோடு உள்ளேயே அடைத்துவைக்கும் உறுதியான தொட்டி இருக்கிறது. பெட்ரோல் நிலையத்தில் இதன் மூடியைச் சட்டென்று திறக்க முடியாது. பொத்தானை அழுத்திச் சில நொடிகள் காத்திருந்தால், அழுத்தம் தணிந்த பிறகே கதவு திறக்கும். அவசரக்காரர்களுக்கு இது பெரிய சோதனை! வண்டி ஓடாமல் நிற்கும்போதே, தொட்டியில் கசிவு உண்டா என்று கணினி சோதிக்கும் வாகனங்களும் உள்ளன. மூடியைச் சரியாக இறுக்காமல் விட்டாலே போதும், உறங்கும் இயந்திரத்தின் படம் முகப்புப் பலகையில் எரியத் தொடங்கிவிடும்.

விளக்கு சிமிட்டினால் நிலைமை வேறு. இயந்திரத்துக்குள் பெட்ரோல் சரியாக எரியாமல், புகைக்குழாயிலுள்ள வினையூக்கி மாற்றிக்குள் நுழைகிறது என்பது அதன் பொருள். அங்கே அது எரிந்து, அந்த விலையுயர்ந்த பாகத்தையே பாழாக்கிவிடும். வேகத்தைக் குறைத்துப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துவதே நல்லது. சிவப்பு நிறத்தில் எச்சரிக்கை தோன்றினால் அப்போதே நிறுத்த வேண்டும். முன்மூடியைத் திறந்து பார்க்க விரும்புவோர் ஒன்றை மறக்கக் கூடாது: ஆரஞ்சு நிறக் கம்பிகளில் பாய்வது பல நூறு வோல்ட் மின்சாரம். அவற்றைத் தொடும் வேலை பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டுமே உரியது.

விளக்கு ஏன் எரிகிறது என்பதை அறிய, ஸ்டீரிங் சக்கரத்துக்குக் கீழேயுள்ள இணைப்பில் ஒரு சிறு கருவியைச் செருகுவார்கள். அது ஒரு குறியீட்டைக் காட்டும். பி-0420 என்றால் வினையூக்கி மாற்றியின் திறன் குறைந்துள்ளது. பி-0442 என்றால் எரிபொருள் ஆவி சிறிதளவு கசிகிறது. குறியீடு நோயின் அறிகுறியைத்தான் சொல்லும்; நோயைச் சொல்லாது. பி-0420 தோன்றியவுடன் வினையூக்கி மாற்றியையே மாற்றச் சொல்வது, காய்ச்சல் வந்தவருக்கு உடனே அறுவைச் சிகிச்சை செய்வது போன்றது. புகைக்குழாயில் ஓர் ஓட்டை இருந்தாலும் அதே குறியீடு வரலாம்.

இதுவரை சொன்னது எரியும் விளக்கைப் பற்றி. எரியாத விளக்கைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. ஈப்போவில் ஒரு பழைய பிளக்-இன் ஹைபிரிட்டை வாங்க வந்த இளைஞரும் கவலைப்படவில்லை. தாயாரை அடிக்கடி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்ததால், ஐந்தாண்டுச் சேமிப்போடு அவர் வந்திருந்தார். விற்பவரையும் அழைத்துக்கொண்டு, தமக்குத் தெரிந்த ஒரு பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனார்.

“அண்ணே, ஒரு விளக்குகூட எரியவில்லை. வாங்கிவிடலாம்தானே?” என்று கேட்டார்.

பட்டறைக்காரர் முதலில் பிரேக்கை மிதிக்காமல் பொத்தானை அழுத்தினார். முகப்புப் பலகையின் எல்லா விளக்குகளும் ஒளிர்ந்தன. இயந்திர விளக்கும் ஒளிர்ந்தது. யாரும் அதைக் கழற்றிவிடவில்லை என்பது உறுதியாயிற்று. பின்னர் கருவியைச் செருகிப் பார்த்தார்.

“எரியவில்லை, சரி. சோதித்துப் பார்த்து எரியவில்லையா, சோதிக்காமலேயே எரியவில்லையா? அதைத்தான் பார்க்க வேண்டும், தம்பி,” என்றார்.

கருவியில் குறியீடு எதுவும் இல்லை. ஆனால், வினையூக்கி, எரிபொருள் ஆவி, ஆக்சிஜன் உணரி ஆகிய மூன்று சோதனைகளுக்கும் எதிரே ‘முடியவில்லை’ என்று இருந்தது. வண்டியின் கணினி எந்நேரமும் எல்லாவற்றையும் சோதிப்பதில்லை. இயந்திரம் சூடேற வேண்டும். சீரான வேகத்தில் சிறிது நேரம் ஓட வேண்டும். தொட்டியில் போதிய பெட்ரோல் இருக்க வேண்டும். பெரும்பாலான பழுதுகளை இரண்டு பயணங்களில் தொடர்ந்து கண்ட பிறகே அது விளக்கை ஏற்றும். பழைய குறியீடுகளை யாராவது கருவியால் அழித்தால், முடிந்த சோதனைகளும் சேர்ந்தே அழிந்துவிடும். பெட்ரோல் வண்டி என்றால் சில நாள்களில் அவை மீண்டும் முடிந்துவிடும். இயந்திரமே ஓடாத பிளக்-இன் ஹைபிரிட்டிலோ, வாரக்கணக்கில் விளக்கு அணைந்தே இருக்கும்.

விற்பவர் முகம் சுளித்தார். தாம் எதையும் மறைக்கவில்லை என்றார். தினமும் எட்டுக் கிலோமீட்டர் மட்டுமே ஓட்டுவதாகவும், போன வாரம் 12 வோல்ட் மின்கலத்தை மாற்றியதாகவும் சொன்னார். பட்டறைக்காரர் அதை மறுக்கவில்லை. மின்கலத்தைக் கழற்றினாலும் சோதனைப் பதிவுகள் அழியக்கூடும். “யார்மீதும் குறை சொல்லவில்லை, ஐயா. மூன்று நாள் பெட்ரோலில் ஓட்டிப் பார்ப்போம்,” என்றார். விற்பவர் சிறிது யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

இரண்டு மாலைகள் மூவரும் பெட்ரோல் இயந்திரம் ஓடும் நிலையில் நெடுஞ்சாலையில் கோலகங்சார்வரை சென்று திரும்பினர். இரவில் வண்டி பட்டறையிலேயே நின்றது. மூன்றாம் நாள் காலையில் வண்டியை எடுத்தபோது மஞ்சள் விளக்கு எரிந்தது.

விற்பவர் தலையில் கை வைத்தார். இளைஞரின் முகத்தில்தான் நிம்மதி தெரிந்தது. வினையூக்கியும் ஆக்சிஜன் உணரியும் சோதனையில் தேறியிருந்தன. குறியீடு பி-0442. பட்டறைக்காரர் பெட்ரோல் மூடியைக் கழற்றி, அதன் ரப்பர் வளையத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். அது பல ஆண்டு வெயிலில் இறுகி, ஓரத்தில் வெடித்திருந்தது. அன்று மதியமே புதிய மூடி பொருத்தப்பட்டது.

“இனி இந்த விளக்கை அணைத்துவிடுங்கள், அண்ணே,” என்றார் இளைஞர்.

“நான் அணைத்தால் எல்லாச் சோதனையும் மறுபடியும் அழிந்துபோகும். மூடிதான் காரணமா என்று பிறகு எப்படித் தெரியும்? மூன்று பயணங்களில் தொடர்ந்து பழுது தென்படாவிட்டால் அதுவே அணைந்துவிடும், தம்பி.”

விளக்கு எரிந்தபடியே வண்டி கைமாறியது. அடுத்த வாரம் தாயாரைக் கோலாலம்பூர் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது, தாப்பா ஓய்விடத்தில் தேநீர் அருந்திவிட்டு இளைஞர் மீண்டும் வண்டியை எடுத்தார். தாயார்தாம் முதலில் கவனித்தார். “அந்த மஞ்சள் படம் எங்கே போயிற்று, ஐயா?” என்று கேட்டார்.