கரும்பு நிலத்துக் கற்குவியல்கள்

மடகாஸ்கருக்குக் கிழக்கே, இந்து சமுத்திரத்தில் ஒரு சிறு புள்ளியாகக் கிடப்பது மொரிசியசுத் தீவு. அங்கே கரும்புத் தோட்டங்களின் நடுவில் கோபுரம் போல் உயர்ந்து நிற்கும் கருங்கற் குவியல்களைக் காண்போர், இவை எம்மன்னனின் சமாதிகளோ என வியத்தல் கூடும். அங்கு மன்னர் எவரும் உறங்கவில்லை. கரும்பு நடுவதற்காக நிலந்திருத்திய கூலித் தொழிலாளர் பெயர்த்தெடுத்து அடுக்கிய கற்களே அவை.

அத்தொழிலாளருள் தமிழரும் பலர். நம் மலைநாட்டுத் தோட்டங்களுக்குத் தமிழகத்தார் வந்த அதே நூற்றாண்டில், சென்னையிற் கப்பலேறி போர்ட் லூயித் துறைமுகத்தில் இறங்கியவர்கள் அவர்கள். 1834 முதல் 1920 வரை அத்துறையில் இறங்கிய ஒப்பந்தக் கூலிகளின் தொகை ஏறத்தாழ ஐந்து இலட்சம். இன்றும் அத்தீவின் பணத்தாளில் தமிழெழுத்து விளங்குகின்றது.

கற்கள் எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட்டு வகையின. கல்சியம், மகனீசியம் முதலிய சத்துகள் அவற்றிற் செறிந்துள்ளன. ஆயின் அவற்றின் அருகே கிடக்கும் மண்ணோ, மழை மிகுந்த மேட்டுநிலங்களில், நெடுங்காலம் நீரால் அரிக்கப்பட்டுச் சத்திழந்தது. உணவு நிறைந்த பெட்டகத்தின் அருகிலேயே ஒருவன் பசித்திருந்த கதைதான்! அக்கல்லையே பொடியாக்கி வயலில் இட்டாலென்ன என்று தெ வில்லியே என்னும் ஆராய்ச்சியாளர் சோதித்தார். அவர் 1961இல் வெளியிட்ட முடிவுகளின்படி, தொடர்ந்து ஐந்து அறுவடைகளில் கரும்பு விளைச்சல் 30 வீதம் வரை உயர்ந்தது. அன்று வேண்டப்பட்டது விளைச்சல் ஒன்றே. காற்றைப் பற்றிக் கவலை எழவில்லை.

இன்று அக்கவலை எழுந்துள்ளது. மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்து மென்மையான அமிலமாகின்றது. அவ்வமிலம் கல்லைச் சிறிது சிறிதாகத் தின்கிறது. அப்போது அவ்வாயு இருகாபனேற்றாக மாறி, ஆற்றுவழியே கடலடைந்து பல்லாயிரம் ஆண்டுகள் அங்கே தங்கிவிடும். மலைகளில் யுகக்கணக்கில் நிகழும் இச்செயலை விரைவுபடுத்தவே கல்லைப் பொடியாக்குகின்றனர்; பொடியில் நீர் தொடும் பரப்பு மிகுதி. வெப்பமும் மழையும் சேர்ந்த நிலம் இதற்கு மிகவும் ஏற்றது.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நான்காண்டுகள் நடந்த சோதனையின் முடிவு 2024இல் வெளிவந்தது. சோளமும் சோயாவும் 12 முதல் 16 வீதம் கூடுதலாக விளைந்தன. ஆனால் எக்டேருக்கு ஆண்டுதோறும் 50 தொன்னாக மொத்தம் 200 தொன் பொடி இட்டதற்கு, நீங்கியதாகக் கணித்த வாயு ஏறத்தாழ 10 தொன்னே. இவ்விகிதத்தை மாணவர் மனத்திற் கொள்ளுதல் நன்று. கல்லை உடைக்கவும் அரைக்கவும் வண்டியில் ஏற்றவும் எரிபொருள் வேண்டும். அதன் புகையையும் கணக்கிற் கழிக்கவேண்டும். நுண்தூசி தொழிலாளரின் நுரையீரலைக் கெடுக்கும். சிலவகைக் கற்களில் நிக்கல் போன்ற உலோகங்களும் உண்டு. நீங்கிய வாயுவை அளப்பதோ எளிதன்று. அது மண்ணடி நீரிலும் ஓடையிலும் கலந்து சென்றுவிடுகின்றது. இந்நிலையிலும், இன்ன தொன் நீங்கியது என விலைபேசி விற்கும் நிறுவனங்கள் தோன்றிவிட்டன. அளவு உறுதியாகுமுன் விலை உறுதியாவது எனக்கு உவப்பாயில்லை.

மொரிசியசுக்கு ஒரு வசதி உண்டு. அங்கே கல்லை ஏற்றிவர வேண்டியதில்லை. நம்மவர் முதுகொடியச் சுமந்து குவித்த கல் வயலின் நடுவிலேயே கிடக்கின்றது.