புல்தரை இருந்த வாசல்

தொண்டாமுத்தூர் பக்கம் போனபோது தெரிந்தவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் மூன்று சென்ட் கொரியன் புல் இருக்கும். மகன் ஆசையாகப் போட்டது. கிணறு இறங்கும் சித்திரையிலும் அதற்குத் தண்ணீர் பாயும், அந்த அம்மா கீரைக்குக் கடைக்குப் போவார். இப்போது அங்கே அவரைப்பந்தல், கத்தரி, சிறுகீரை. குளிக்கிற தண்ணீர் போகும் மூலையில் வாழை.

“புல்லைக் கொத்தி எடுத்துட்டோம். இந்தக் கோரைதானுங்க போகவே மாட்டேங்குது” என்றார்.

கொத்தினால் போகாது. சங்கிலியாகக் கோத்திருக்கும் கிழங்குகள் அறுபட்டால் தனித்தனியாக முளைக்கும். என் வீட்டிலும் இதே தவறைச் செய்தவன்தான் நான். ஈர மண்ணில் கிழங்கோடு தோண்டி வெயிலில் காயப்போட்டு, அந்த இடத்தில் தட்டைப்பயறை நெருக்கி விதைக்கச் சொன்னேன். கோரைக்கு நிழல் ஆகாது.

மகனுக்காக ஓரத்தில் ஒரு பாய் அகலத்துக்குப் புல்லை விட்டுவைத்திருக்கிறார்.