முதற்பனியில் குல்மார்க்

மும்பையில் பிள்ளைகளுக்கு விடுமுறை டிசம்பர் இறுதியில்; குல்மார்க்கில் பனி நன்கு படிவதோ பெரும்பாலும் அதற்குப் பின்னர். காஷ்மீரத்தார் ‘சில்லை கலான்’ என்றழைக்கும் 40 நாட் கடுங்குளிரே டிசம்பர் 21-இல்தான் தொடங்குகிறது. இதனை எண்ணிப் பாராமல் புறப்பட்டுவிட்டோம்.

ஏறத்தாழ 8,700 அடி உயரத்திலுள்ள அப்புல்வெளியில் கணுக்காலளவே பனி கிடந்தது. ஆங்காங்கே கற்கள் தலைகாட்டின. காலையில் கண்ணாடிபோல் இறுகியிருந்த பனி நண்பகலில் குழைந்து சேறாயிற்று. கம்பிவட ஊர்தியேறி அபர்வத் மலையிலிருந்து சறுக்கவேண்டுமென்றான் எங்கள் மகன். மெல்லிய பனி பாறையை மறைக்குமேயன்றி ஆளைக் காக்காது என்று மறுத்துவிட்டார் ஆசிரியர். இத்தனை தொலைவு வந்தும் இச்சிறு சரிவுதானா என எங்களுக்குச் சற்று மனத்தாங்கல்.

அச்சரிவுக்கே மூன்று நாட்கள் போதவில்லை! முதற்பாடம், விழுவது: பக்கவாட்டில், உட்காருவதுபோல் விழவேண்டும். அடுத்தது, நிற்பது: சறுக்குப் பலகைகளின் முனைகளை நெருக்கிப் பின்புறத்தை அகற்றி, உள்விளிம்புகளை அழுத்தவேண்டும். மகள் முதல் நாளே நின்றுவிட்டாள். விழ வெட்கப்பட்ட எங்களுக்கோ அது மூன்றாம் நாள்தான் கைவந்தது. மகன் அதன்பின் அபர்வத்தைப் பற்றிப் பேசவேயில்லை.

2024 ஜனவரியிலோ குல்மார்க் பனியின்றி வெறுந்தரையாய்க் கிடந்தது. செல்ல விரும்பும் அன்பர்கள், பயணச்சீட்டு வாங்குமுன் அவ்வாரத்துப் பனிநிலையை விசாரித்துக்கொள்வார்களாக. கையுறை இரண்டு சோடி வேண்டும். ஒன்று நனைந்தே தீரும்.