முள்ளில்லாத வேலி

வேலியடைப்பது ஆண்களின் வேலை என்றுதான் எங்கள் ஊரில் நெடுங்காலம் இருந்தது. கதியால் போடுவதும் வரிச்சுக் கட்டுவதும் அவர்கள் கை. கிடுகு பின்னிக் கொடுப்பதோடு எங்கள் பங்கு முடிந்துவிடும். 2009க்குப் பிறகு பல வீடுகளில் அந்த வழக்கம் தானாகவே மாறிப்போயிற்று.

2010இல் செட்டிக்குளம் முகாமிலிருந்து கிளிநொச்சிப் பக்கமுள்ள எங்கள் காணிக்குத் திரும்பியபோது வேலி என்று ஒன்றும் மிஞ்சவில்லை. நட்ட மரவள்ளியையும் கத்தரியையும் கட்டாக்காலி மாடுகள் இரண்டே இரவில் தின்று முடித்தன. நானும் இரண்டு பிள்ளைகளும் மட்டும் இருக்கும் வளவு. இருட்டினால் யார் வருகிறார், யார் போகிறார் என்ற பயம் வேறு.

முட்கம்பி அடிக்கச் சொன்னார்கள். முகாமில் முட்கம்பிக்கு உள்ளே நின்ற பிள்ளைகளுக்கு வீட்டிலும் அதையே காட்ட எனக்கு மனம் வரவில்லை. மாதர் சங்கத்தில் கடன் எடுத்து இரண்டு அங்குல இரும்புப் பைப்பும் முள்ளில்லாத முறுக்குக் கேபிளும் வாங்கினேன்.

கண்ணிவெடி அகற்றிய காணிதான் என்பதை உறுதிப்படுத்திய பின்பே அலவாங்கைத் தொட்டேன். பக்கத்துக் காணிக்காரரையும் கூப்பிட்டு, எல்லைக் கல்லிலிருந்து கல்லுக்குக் கயிறு கட்டினோம். எல்லையில் ஒரு சாண் பிசகினாலும் பிறகு ஆயுள் முழுக்கச் சண்டைதான்.

முன்பக்கம் நூறு அடி. பத்து அடிக்கு ஒன்றாகப் பதினொரு பைப். நான்கு வரி இழுக்க நானூறு அடி கேபிளும், முனைகளில் சுற்றிக் கட்டக் கொஞ்சம் கூடுதலாகவும் வேண்டும். கேபிள் போகும் துளைகளை வெல்டிங் கடையில் முன்கூட்டியே போடுவித்தேன். குழி இரண்டரை அடி ஆழம். மூலைக் குழிகள் இன்னும் ஆழம், ஏனென்றால் இழுவை முழுவதையும் தாங்குவது மூலைப் பைப்தான். அதற்குச் சாய்வாக ஒரு முட்டுப் பைப்பும் கொடுக்க வேண்டும். சீமெந்து ஒன்று, மணல் இரண்டு, கல் நாலு என்ற கணக்கில் குழைத்து இறுக்கினோம். பைப்பின் வாயையும் சீமெந்தால் மூடினோம். திறந்து விட்டால் மழைத்தண்ணீர் இறங்கி உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

"பிள்ளை, அவசரப்பட்டுக் கம்பியை இழுக்காதை. சீமெந்து காயட்டும்" என்றார் அடுத்த வளவு ஐயா. ஒரு கிழமை பொறுத்தோம். பிறகு ஒரு முனையைக் கிளிப் போட்டு முடுக்கி, மறுமுனையைத் திருகு கொக்கியால் இறுக்கினோம்.

இந்த வேலி மாட்டை மறிக்கும். ஆட்டையும் கோழியையும் மறிக்காது. மறைப்பும் தராது. அதனால் இடையிடையே கிளுவைக் கதியால் ஊன்றினேன். கிணற்றடிப் பக்கம் கேபிளிலேயே கிடுகைக் கட்டினேன். கிடுகு உக்கினால் அதை மட்டும் மாற்றலாம். பைப்பைக் கறையான் தொடாது. வெயிலில் கேபிள் தளர்ந்தால் கொக்கியை இரண்டு சுற்றுத் திருகினால் போதும். அதை என் மகளே செய்வாள்.

அடுத்த போகத்தில் கத்தரிக்காய் விற்ற காசில் கடனின் முதல் தவணையைக் கட்டினேன். அதன் பிறகு எங்கள் ஒழுங்கையில் இன்னும் இரண்டு வீடுகளுக்குக் குழி வெட்டப் போனோம், பெண்களாகவே சேர்ந்து.